"என்னமோ பண்ணுது!"

நெஞ்சு படபடக்கிறது; மூச்சு முட்டுகிறது; ஆனால் இருதயத்தில் கோளாறு இல்லை!

ஆண்டிபட்டி சக்கம்பட்டி. காலை வேளை. தெருவெங்கும் தறிச் சத்தம்.

திடீரென்று ஒரு வீட்டில் தறி நின்றது.

"என்னங்க, இங்க வாங்க!" என்று ஒரு பெண் அலறினாள். புருஷன் ஓடி வந்தான்.

"என்ன புள்ள?"

"என்னமோ பண்ணுது!"

"என்ன பண்ணுது?"

"சொல்லத் தெரியல. நெஞ்சு படபடன்னு அடிக்குது. மூச்சு முட்டுது. கையெல்லாம் மரத்துப் போச்சு. உசுரு போயிரும் போல இருக்கு!"

அக்கம்பக்கத்தார் கூடினார்கள். ஒருத்தி விசிறினாள். ஒருத்தி சோடா வாங்கி வந்தாள். "வாயுவா இருக்கும்" என்றார் ஒரு பெரியவர். "காத்து கருப்பு அண்டியிருக்கும்" என்றாள் ஒரு பாட்டி. ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார். ரத்தத்தைச் சோதித்தார். "இருதயம் நன்றாக இருக்கிறது. ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

அவளுக்கு நிம்மதி வந்ததா? இல்லை! "ஒன்றும் இல்லை என்றால், அப்படி அடித்துக்கொண்டது ஏன்?" என்ற கேள்வி அவளை விடவே இல்லை.

இந்தப் பெண் கற்பனைப் பெண். ஆனால் அவள் படும் பாடு கற்பனை அல்ல. ஆண்டிபட்டியிலும் நடக்கும். அமெரிக்காவிலும் நடக்கும். அதற்குப் பெயர், திடீர்ப் பீதி.

100-க்கு 13 பேர்!

இது அபூர்வமான சங்கதி அல்ல. 25 நாடுகளில் 1 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு மேல் விசாரித்து, 2016-ம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படித் திடீர்ப் பீதி கண்டவர்கள், 100-க்கு 13 பேர்!

அவர்களில் பெரும்பாலோருக்கு அது நோயாக முற்றுவதில்லை. ஆனால் 100-க்கு 2 பேருக்குச் சற்றுக் குறைவானவர்களை அது விடாமல் துரத்துகிறது. மறுபடி மறுபடி வருகிறது. அப்போது அது "பீதி நோய்" ஆகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம்.

அது வரும் விதம் விசித்திரமானது. சொல்லாமல் கொள்ளாமல் வரும். சில நிமிடங்களில் உச்சிக்கு ஏறும். நெஞ்சு படபடக்கும். வேர்க்கும். நடுக்கம் எடுக்கும். தலை சுற்றும். விரல்கள் மதமதக்கும். "செத்துவிடுவேன்" என்றோ, "பைத்தியம் பிடித்துவிடும்" என்றோ தோன்றும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகத் தணிந்துவிடும்.

அந்த அரை மணி நேரம், அனுபவிக்கிறவருக்கு ஒரு யுகம்!

தொல்காப்பியர் சொன்ன நான்கு

பயம் எதனால் வருகிறது? தொல்காப்பியர் அந்தக் காலத்திலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். மெய்யில் தோன்றும் எட்டு உணர்ச்சிகளில் அச்சமும் ஒன்று என்றார். அச்சம் பிறப்பதற்கு நான்கு காரணங்களும் சொன்னார். தெய்வமும் பேயும் ஒன்று. கொடிய விலங்கு இரண்டு. திருடர் மூன்று. ஆளுகிற அரசன் நான்கு.

நான்குமே வெளியில் இருந்து வருகிறவை. தறிக்கு முன் உட்கார்ந்திருந்த பெண்ணை எந்தப் புலி துரத்தியது? எந்தத் திருடன் கத்தியைக் காட்டினான்? ஒருவரும் இல்லை! அவள் கண்டு பயந்தது, தன் உடம்பை!

தமிழருக்கு இந்த உறவு புதிது அல்ல. "நெஞ்சு பக்கென்றது" என்கிறோம். "வயிறு கலங்கியது" என்கிறோம். "அடிவயிற்றில் புளியைக் கரைத்தது", "ஈரக்குலை நடுங்கியது" என்றெல்லாம் பேசுகிறோம். பயத்தைச் சொல்ல வாயெடுத்தால், உடம்பின் உள்ளுறுப்புகள்தான் முன்னால் வந்து நிற்கின்றன!

பயந்தால் வயிறு கலங்கும். அது தெரிந்த விஷயம். வயிறு கலங்கினால் பயம் வருமா? வரும்! இங்கேதான் முடிச்சு இருக்கிறது.

உள்ளே பார்க்கும் புலன்

மனிதனுக்குப் புலன்கள் எத்தனை? "ஐந்து" என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். கண், காது, மூக்கு, நாக்கு, தோல். இவை உலகத்தைப் பார்க்கின்றன.

உடம்பின் உள்ளே பார்ப்பது எது? பசிக்கிறது, தாகம் எடுக்கிறது, மூச்சு வாங்குகிறது, இருதயம் அடிக்கிறது என்று மூளைக்குச் சொல்வது எது? அதற்கும் தனியாக நரம்புகள் இருக்கின்றன. 1906-ம் ஆண்டில், சார்லஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, உள்ளே இருந்து சேதி அனுப்பும் இந்த அமைப்புக்குத் தனிப் பெயரே கொடுத்தார். பிறகு, 1932-ம் ஆண்டில், நரம்பு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசும் பெற்றார். அந்த அமைப்பை நாம் "உட்புலன்" என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் நாக்கு வாய்க்குள் எங்கே இருக்கிறது?

பார்த்தீர்களா! ஒரு விநாடிக்கு முன்புவரை நாக்கு இருந்ததே உங்களுக்கு ஞாபகம் இல்லை. இப்போது அது பல்லில் படுவதுகூடத் தெரிகிறது. நாக்கு மாறவில்லை. உங்கள் கவனம் அங்கே போயிற்று. அவ்வளவுதான்!

இருதயமும் அப்படியே. அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் தடவை அடிக்கிறது. நாம் கவனிப்பதே இல்லை. கவனித்தால்? ஒவ்வோர் அடியும் சம்மட்டி அடியாகக் கேட்கும்.

எல்லோருடைய உட்புலனும் ஒரே மாதிரி இல்லை. 1981-ம் ஆண்டில், ஜெர்மனியைச் சேர்ந்த ரெய்னர் ஷாண்ட்ரி ஒரு சோதனை செய்தார். "நாடியைத் தொடாதீர்கள். சும்மா உட்கார்ந்து, இருதயம் எத்தனை தடவை அடிக்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள்" என்றார். சிலர் ஏறக்குறையச் சரியாகச் சொன்னார்கள். சிலருக்கு ஒன்றுமே தெரியவில்லை. பீதி நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட நன்றாக எண்ணுகிறார்கள் என்று பிற்பாடு சில சோதனைகள் காட்டின. வேறு சில சோதனைகளில் அப்படி வித்தியாசம் இல்லை.

ஆக, கூர்மையாக உணர்வது மட்டுமே குற்றம் அல்ல. உணர்ந்ததை என்னவென்று அர்த்தம் செய்துகொள்கிறோம் என்பதே முக்கியம்.

வைகை அணையின் சங்கு

ஆண்டிபட்டிக்காரர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். பக்கத்திலேயே வைகை அணை இருக்கிறது. 1959-ம் ஆண்டில் காமராஜர் திறந்துவைத்த அணை. அதில் தண்ணீர் தேங்கும் அளவு 71 அடி. தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. சங்கு ஊதும். ஆற்றங்கரை மக்கள் மேட்டுக்குப் போவார்கள்.

இப்போது ஒரு கற்பனை. அணையில் தண்ணீர் 40 அடிதான் இருக்கிறது. காற்றில் ஓர் அலை எழும்புகிறது. காவலுக்கு இருப்பவர் அதைப் பார்த்து, "ஐயோ, வெள்ளம்!" என்று சங்கை ஊதிவிடுகிறார். ஐந்து மாவட்டத்து ஜனங்களும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்!

அலை பொய்யா? இல்லை. சங்கு பொய்யா? அதுவும் இல்லை. அலையை வெள்ளம் என்று எண்ணியதுதான் பிழை.

திடீர்ப் பீதியும் இதுதான். படபடப்பு உண்மை. பயம் உண்மை. "சாகப் போகிறேன்" என்ற அர்த்தம்தான் தவறு.

சுழலும் வட்டம்

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர், இங்கிலாந்தின் மனோதத்துவ நிபுணர் டேவிட் கிளார்க். 1986-ம் ஆண்டில் அவர் இதை ஒரு வட்டமாக விளக்கினார்.

நம் தறிக்காரப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். இரவு சரியான தூக்கம் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் கடுந்தேயிலை. காலால் மிதித்து மிதித்துத் தறி ஓட்டுகிறாள். இருதயம் சற்று வேகமாக அடிக்கிறது. இது இயற்கை.

அவள் கவனம் நெஞ்சுக்குப் போகிறது. "இது என்ன? மாரடைப்போ?" என்று நினைக்கிறாள். உடனே மூளை ஆபத்து என்று உத்தரவு போடுகிறது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி, அட்ரினலின் என்ற சுரப்பை ரத்தத்தில் விடுகிறது. இருதயம் இன்னும் வேகமாக ஓடுகிறது. "பார், நினைத்தது சரியாகிவிட்டது!" என்று இன்னும் பயப்படுகிறாள். இன்னும் அட்ரினலின், இன்னும் படபடப்பு!

மூச்சும் சேர்ந்துகொள்கிறது. பயத்தில் வேகமாக மூச்சு விடுகிறாள். அதனால் ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமிலவாயு குறைந்துவிடுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும். விரலும் உதடும் மதமதக்கும். வேடிக்கையைப் பாருங்கள்: காற்றை அதிகமாக இழுப்பதால், காற்றே போதவில்லை என்று தோன்றுகிறது!

பயம் படபடப்பை வளர்க்கிறது. படபடப்பு பயத்தை வளர்க்கிறது. இதுதான் வட்டம்.

1988-ம் ஆண்டில் வெளியான ஒரு சோதனை இதற்குச் சாட்சி. பீதி நோய் உள்ளவர்களுக்கு அவர்களுடைய இருதயத் துடிப்பைக் கேட்கச் செய்தார்கள். நடுவில், துடிப்பு திடீரென்று ஏறியதுபோல் பொய்யாக ஒலிக்கவிட்டார்கள். பொய்ச் சத்தத்தைக் கேட்டதும், அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கலங்கிப்போனார்கள். அவர்கள் இருதயம் நிஜமாகவே வேகம் எடுத்தது!

பாம்புக்கு அஞ்சாத பெண்

அமெரிக்காவில் ஓர் அதிசயப் பெண். விஞ்ஞானிகள் அவள் பெயரை மறைத்து, "எஸ்.எம்." என்று மட்டும் குறிப்பிடுகிறார்கள். மூளையில் பாதாம் பருப்பு வடிவில், வலது பக்கம் ஒன்றும் இடது பக்கம் ஒன்றுமாக இரண்டு சிறு பகுதிகள் உண்டு. ஆபத்தைக் கண்டால் மணி அடிப்பவை அவை. ஓர் அபூர்வ நோயால் அவளுக்கு அந்த இரண்டும் அழிந்துபோயின.

பாம்புக் கடைக்கு அழைத்துப் போனார்கள். பாம்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்! பேய் வீடு என்று ஜோடித்து வைத்திருந்த இடத்துக்கு அழைத்துப் போனார்கள். சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தாள்! "பயமே இல்லாத பெண்" என்று பேர் பெற்றாள்.

2013-ம் ஆண்டில் வேறொரு சோதனை வெளியாயிற்று. முகமூடி மாட்டி, கரியமிலவாயு 100-க்கு 35 பங்கு கலந்த காற்றை, ஒரே ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான்! அவள் மூச்சுக்குத் தவித்தாள். முகமூடியைக் கழற்றும்படி கையை ஆட்டினாள். உதவி கேட்டுக் கதறினாள். அதே பாதிப்பு உள்ள இரட்டைச் சகோதரிகள் இருவரும்கூட அப்படியே பீதி அடைந்தார்கள்.

பாம்பும் பேயும் அசைக்காத பெண்ணை, ஒரு மூச்சு அசைத்துவிட்டது! வெளியில் இருந்து வரும் பயத்துக்கு ஒரு வாசல், உள்ளிருந்து வரும் பயத்துக்கு வேறு வாசல் என்று இதில் இருந்து விஞ்ஞானிகள் தெரிந்துகொண்டார்கள். தைரியசாலிக்கும் இது வரலாம். இது கோழைத்தனம் அல்ல!

சிப்பாய் இருதயம்

உண்மையில், இந்த நோய் முதலில் பேர் வாங்கியது போர்வீரர்களிடம்தான். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்று சிப்பாய்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஜேக்கப் டா காஸ்டா என்ற டாக்டர், 300 பேருக்கு மேல் சோதித்து, 1871-ம் ஆண்டில் கட்டுரை எழுதினார். இருதயம் அளவுக்கு மீறி வேலை செய்ததுதான் காரணம் என்று அவர் கருதினார். இதற்கு "சிப்பாய் இருதயம்" என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தச் சிப்பாய்களில் பலர் சொன்ன குறிகள், இன்றைய பீதி நோயின் குறிகளை அப்படியே ஒத்திருக்கின்றன.

நர்சுகள் கண்டது

1959-ம் ஆண்டையொட்டி, நியூயார்க் பக்கம் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி இருந்தார். "நான் செத்துக்கொண்டிருக்கிறேன்!" என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை நர்சுகள் இருக்கும் இடத்துக்கு ஓடுவார். டொனால்ட் கிளைன் என்ற டாக்டர் அவருக்கு இமிப்ரமின் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்.

மூன்று வாரம் ஆயிற்று. "குணம் தெரிகிறதா?" என்று கேட்டால், "ஒரு மாற்றமும் இல்லை" என்றார் நோயாளி. நர்சுகளோ, "குணம்தான்! இப்போதெல்லாம் அவர் எங்களிடம் ஓடி வருவதே இல்லையே!" என்றார்கள்.

திடீர்ப் பீதி நின்றிருந்தது. பீதி எப்போது வருமோ என்ற கவலை மட்டும் பாக்கி இருந்தது. இரண்டும் வெவ்வேறு என்று அப்போதுதான் தெளிவாயிற்று. 1980-ம் ஆண்டில், அமெரிக்க மனநல டாக்டர்களின் நோய்ப் பட்டியலில் பீதி நோய் தனி இடம் பெற்றது.

கணவாய் தாண்டாத கால்கள்

பீதியைவிடப் பெரிய கெடுதல், பீதி வருமோ என்ற பீதிதான்.

ஒரு தடவை உசிலம்பட்டி பஸ்சில் வரும்போது நெஞ்சு படபடத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவாய் ஏற்றம். கூட்டம். இறங்க முடியாது. மறுதடவை அந்த பஸ்சைப் பார்த்தாலே வயிறு கலங்கும். "வேண்டாம், அடுத்த வாரம் போகலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். பிறகு மதுரைக்கே போக மாட்டார்கள். பிறகு சந்தைக்குப் போக மாட்டார்கள். கலியாண வீடு, கோவில் திருவிழா எல்லாம் நின்றுபோகும். கடைசியில், வீட்டு வாசற்படியே எல்லை ஆகிவிடும்!

கூலி போகிறது. ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி ஏறி, ஸ்கேனுக்கும் சோதனைக்கும் கடன் ஏறுகிறது. வீட்டில் உள்ளவர்களோ, "டாக்டரே ஒன்றும் இல்லை என்கிறார். இவள் நடிக்கிறாள்" என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சு, நோயைவிட அதிகமாகச் சுடும்.

வீரபாண்டி ராட்டினம்

இதற்கு வழி இருக்கிறதா? நிச்சயமாக இருக்கிறது.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு ராட்டினம் தெரியும். அது மேலே போய்க் கீழே இறங்கும்போது என்ன ஆகிறது? நெஞ்சு படபடக்கிறது. வயிறு கலங்குகிறது. தலை சுற்றுகிறது. ஆனால் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்? "இன்னொரு தடவை!" என்கிறார்கள். அதற்குக் காசு கொடுத்து, வரிசையில் நிற்கிறார்கள்!

அதே படபடப்பு. அதே கலக்கம். ராட்டினத்தில் அது குஷி. தறியின் முன்னால் அது மரணபயம். ஏன்? ராட்டினத்தில் காரணம் தெரிகிறது. தறியின் முன்னால் தெரியவில்லை.

சிகிச்சையும் இதே வழியில்தான் நடக்கிறது. முதலில், உடம்பில் என்ன நடக்கிறது என்று விளக்குவார்கள். பிறகு, பயந்த அறிகுறியை அவர்களே வரவழைத்துப் பார்க்கச் செய்வார்கள். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடச் சொல்வார்கள், நெஞ்சு அடிக்கும். நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள், தலை கிறுகிறுக்கும். மெல்லிய குழலால் மூச்சு விடச் சொல்வார்கள், மூச்சு முட்டும். "வந்தது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை, தானே போய்விட்டது" என்று உடம்பே கற்றுக்கொள்ளும். பிறகு, விலக்கி வைத்த பஸ்சிலும் சந்தையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார்கள். தேவையானவர்களுக்கு மாத்திரையும் உண்டு. அது குணம் காட்டச் சில வாரங்கள் ஆகும். டாக்டரைக் கேளாமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

கட்டாயம் கவனியுங்கள்!

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நெஞ்சில் எது வந்தாலும் "பயம்தான்" என்று நீங்களாகத் தீர்மானிக்கக் கூடாது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர்.

நெஞ்சை அழுத்துகிற வலி, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வேலை செய்யும்போது வந்து ஓய்ந்தால் குறையும் வலி, மயங்கி விழுதல் இவை இருந்தால் தாமதம் கூடாது. பெண்களுக்கு வலி குறைவாகவும், குமட்டலும் அசதியும் அதிகமாகவும் இருக்கலாம். உடனே 108-க்குச் சொல்லுங்கள். முதல் தடவை இப்படி வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆண்டிபட்டியில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. தேனி போகும் வழியில், க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது. இருதயத்தோடு, ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவையும் படபடப்பு உண்டாக்கும்.

எல்லாம் சரி என்று டாக்டர் சொன்ன பிறகும் அது திரும்ப வந்தால், இவற்றைச் செய்யுங்கள்:

ஓடாதீர்கள். இருந்த இடத்தில் உட்காருங்கள். மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விடாதீர்கள். மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுங்கள். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய யோசனை வேண்டாம். உண்மையில் இருதய நோயோ இழுப்போ இருந்தால் அது ஆபத்து. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடியைப் பிடித்துப் பார்க்காதீர்கள். அது அலையை எண்ணுகிற வேலை. டீயையும் காபியையும் குறையுங்கள். தூக்கத்தைக் கெடுக்காதீர்கள்.

பக்கத்தில் இருப்பவர்கள் கூட்டம் போட வேண்டாம். "நடிக்காதே" என்று சொல்ல வேண்டாம். "இது வந்து போகும். நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றால் போதும்.

மனநல டாக்டரைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். நேரில் போக முடியாதவர்களுக்கு, 14416 என்ற இலவச டெலிபோன் எண் இருக்கிறது. "டெலி மானஸ்" என்ற இந்தச் சர்க்கார் சேவை, 2022-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

சக்கம்பட்டிப் பெண்ணுக்கும் அந்தப் படபடப்பு இன்னொரு நாள் வரலாம். தறி நிற்கலாம். "என்னமோ பண்ணுது" என்று அவள் சொல்ல வாயெடுக்கலாம். ஆனால் இந்தத் தடவை அவளுக்குத் தெரியும்: "தூக்கம் இல்லை. வெறும் வயிற்றில் தேயிலை குடித்தேன். இருதயம் வேகமாக ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் அடங்கும்."

"என்னமோ" என்பதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. பெயர் தெரிந்த பேய்க்குப் பாதிப் பலம் போயிற்று!

கால் மணி நேரம் ஆகிறது. தெருவில் மறுபடியும் அந்தத் தறியின் சத்தம் கேட்கிறது.